ஆடி மாத மைலேஜ்

கம்பெனிப் புத்தகத்தில் இருபத்து நாலு.
அது உருளைமேல் ஓட்டிப் பார்த்த கணக்கு.
உருளையில் வில்லுக்குறி வளைவு கிடையாது,
தக்கலையில் குறுக்கே விழும் பஸ் கிடையாது,
கொடைக்குப் பந்தல் போட்டு
பாதி ரோட்டை எடுத்துக்கொள்கிறவர்கள் கிடையாது.
பத்தொன்பது கிடைத்தால்
ஞானசிகாமணி அண்ணன் ஒன்றும் கேட்கமாட்டார்.

ஆனியில் பதினெட்டு.
ஆடி பிறந்ததும் பதினேழரை.

‘லே பெர்லின், வண்டி குடிக்கா
இல்ல நீ குடிக்கியா?’
சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.
அந்தச் சிரிப்பு என் சட்டைப்பைக்குள்
கைவிட்டுத் துழாவியது.

ஏர் ஃபில்டரைத் தட்டினேன், டயர் பார்த்தேன்.
காத்துண்ணே, ஆரல்வாய்மொழிக் காத்து என்றேன்.
‘காத்து எங்கலே டீசல் குடிக்கும்?’

ஞாயிறு, ஆராதனை முடிந்து
வெள்ளை வேட்டியோடு முன்சீட்டில் ஏறினார்.
ஒழுகினசேரி பங்கில்
நாசில் தானாக ‘டக்’ என்று நிற்கும்வரை டீசல்.
அதற்குமேல் ஒரு சொட்டு விடாதே என்று
பங்க் பையனுக்கு விரல் காட்டினார்.
ஏசி இல்லை. கண்ணாடி ஏற்றியாயிற்று.
அறுபதைத் தாண்டக் கூடாது முள்.

வெள்ளமடம், தோவாளை.
ஆரல்வாய்மொழி வந்ததும்
பின்னால் யாரோ கைவைத்துத் தள்ளினார்கள்.
ஆக்சிலேட்டரில் கால் சும்மா படுத்திருந்தது.
முப்பந்தல் காத்தாடிகள்
எங்கள் முகம் பார்த்துச் சுற்றின.
வள்ளியூரில் நிரப்பினோம்: ஒன்று புள்ளி நாலு.
முப்பத்திரண்டு கிலோமீட்டருக்கு வகுத்தால்
இருபத்திரண்டு சொச்சம்.
அண்ணன் பார்த்த பார்வையில்
கள்ளன் பிடிபட்டுவிட்டான்.

திரும்பினோம்.
அதே கார், அதே கால், அதே தொண்ணூறு கிலோ அண்ணன்.
காத்தாடிகள் முதுகு காட்டி நின்றன.
நாலாவது கியர் மூச்சு முட்டி மூன்றுக்கு இறங்கியது.
கதவிடுக்கில் ஊளை.
முன்னால் போன லாரியின் தார்ப்பாய்
கயிற்றை அறுத்துக்கொண்டு எழுந்தது.
கண்ணாடி ஏற்றியிருந்தும்
மடியிலிருந்த நோட்டை அண்ணன்
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

ஒழுகினசேரி. ஒன்று புள்ளி ஒன்பது ஒன்று.
பதினாறே முக்கால்.
மறுபடி வகுத்தார்.
போனை அணைத்துப் போட்டு இன்னொரு தடவை.

‘அப்போ போறதுக்கு மட்டும் சவாரி எடு’ என்றார்.
ரசவடையும் டீயும் வாங்கித் தந்தார்.
அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மைலேஜ் நோட்டில்
ஸ்கேல் வைத்துப் புதிதாய் ஒரு கோடு.
தேதி, கிலோமீட்டர், லிட்டர்,
அதையடுத்து ‘காற்று’ என்று ஒரு கட்டம்.
அதில் எண் எழுதவா எழுத்தா,
அவர் சொல்லவில்லை.

சொல்லாத ஒன்று என்னிடமும் இருக்கிறது.
போன தையில், இலை அசையாத ஒரு வாரம்,
மச்சானின் லோடு ஆட்டோ நடுவழியில் நின்ற அன்று
ரப்பர் குழாய் வைத்து இரண்டு லிட்டர் எடுத்தேன்.
அந்த மாதம் நோட்டில் பத்தொன்பது.
அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை.

கட்டத்தில்
‘உண்டு’ என்று எழுதிவிட்டு
சாவியைத் திருகினேன்.