பல்லைப் பிடித்துப் பார்த்தவர்கள்

தானம் வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள்.
எனக்கு அதுதான் வேலை.
ஈசூன், புளோக் எழுநூற்றுச் சொச்சம், தரைத்தளம்,
டாக்டர் குவெக்கின் பல் மருந்தகம்.
எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பவள் நான்.

வரவேற்பறை வானொலி மார்ச்சில் செத்தது.
அன்றிலிருந்து என் கைப்பேசியில் இருப்பதுதான்
காத்திருப்போர் காதுக்கு:
ஃபைருஸ் வருஷத்துக்கு ஒருமுறை
யூனோஸ் வீட்டுப் படுக்கையறையில் உட்கார்ந்து
திரட்டும் தொகுப்பு.
இருபத்திரண்டு குழு, இருபத்திரண்டு பாட்டு,
காசில்லை, கேள்வியில்லை,
யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

"யார் இவங்கெல்லாம்?" என்றார் டாக்சிக்காரர் ஓங்,
கடைவாயில் பஞ்சு வைக்கும் முன்.
"யாருமில்லை," என்றேன்.
"அப்படித்தான் கேட்குது."

நாற்காலியில் சாய்ந்தவருக்கு
வாய் திறந்திருக்கும், பேச முடியாது.
கால்விரலைப் பார்ப்பேன்.
மூன்றாவது பாட்டுக்குச் செருப்பு ஆடும்.
ஐந்தாவதில் அந்தப் பையன் கத்தும் இடத்தில்
(துளைப்பான் எது கிட்டார் எது என்று
டாக்டருக்கே குழம்பும் இடம்)
பத்து விரலும் மடங்கும்.

கொப்பளித்துத் துப்பிய பிறகுதான் விமர்சனம்.

ஓய்வுபெற்ற கணக்காசிரியை மங்கையர்க்கரசி:
"இருபத்திரண்டில் நாலு தேறும்.
என் வகுப்பிலும் அவ்வளவுதான்."

பல்கம்பி இறுக்க வந்த நூர் இஸ்ஸா, வயது பதினைந்து:
"நல்லா இருந்தா ஏன் சும்மா கொடுக்கிறாங்க?"
அவள் அம்மா: "சும்மா கொடுத்ததைக் குறை சொல்லாதே."
கட்டணம் கட்டி முடிக்கும்வரை
இருவருக்கும் சண்டை.

இதை ஃபைருஸிடம் கேட்டுப் பார்த்தேன்.
"விலை போட்டா மூணு பேர் வாங்குவாங்க.
மூணு பேரும் என் அக்காமார்."

கப்பல் பட்டறை வெல்டர் பழனிக்குமார்
ஒரு வார்த்தையும் புரியவில்லை என்றார்.
ஏழாவதை மட்டும் மறுபடி போடச் சொன்னார்.
அதில் வார்த்தையே கிடையாது என்று
நான் சொல்லவில்லை.

டாக்டர் குவெக்குக்கு ஒரே அளவுகோல்,
ஒரு வேர்ச்சிகிச்சைக்கு எத்தனை பாட்டு.
"பதினொன்று. பரவாயில்லை. நீளமான தொகுப்பு."

பதினான்காவது வருவதற்குள்
பெரும்பாலும் ஆள் எழுந்து போயிருப்பார்.
போகாவிட்டால்
முகக்கவசத்தைச் சரிசெய்வேன்,
கருவிகளை எண்ணுவேன்,
எண்ணியவற்றையே திரும்ப.

அல்ஜுனிட், தொழிற்கூடக் கட்டடம், ஆறாவது மாடி,
மணிக்குப் பதினெட்டு வெள்ளி வாடகை.
ஏர்கோன் இரைச்சல் பதிவில் விழும் என்று அதை அணைத்து
நாலு பேர் வியர்த்துக்கொண்டு வாசித்தோம்.
முடிவுக்கு நாற்பது நொடி இருக்கையில்
சரக்கு மின்தூக்கி மணியடித்து மூடியது.
இன்னொரு முறை எடுக்கலாம் என்றான் வெய் காங்.
அடுத்த குழு கதவைத் தட்டிவிட்டது.
மணியோடு விட்டுவிட்டோம்.
அதில் பேஸ் நான்.

நேற்றுக் கடைசி நோயாளி தயாளன்,
சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகிறவன்.
ஞானப்பல் பிடுங்கி
பாதி முகம் மரத்திருந்தது.
பதினான்காவது ஓடி முடிந்தது.
எழவில்லை.

"கதைசில ஒரு மணி அதிக்குதே," என்றான்,
மரத்த நாக்கால்,
"வேணும்னே வெச்சதா?"
தெரியாது என்றேன்.
"எங்க புளோக் லிப்த்து மாதிரி. நல்லாருக்கு.
பேஸ் மத்தும் கொஞ்சம் பிந்துது."

பிந்துகிறதுதான்.
இரண்டாவது நிமிடத்திலிருந்து.
இத்தனை மாதத்தில்
அவ்வளவு தூரம் வேறு யாரும் வந்ததில்லை.

பஞ்சைக் கடித்தபடியே இருங்கள்,
அரைமணி நேரம் துப்பக்கூடாது என்றேன்.
மருந்து உறையில்
பாராசிட்டமால், ஆறு மணிக்கொருதரம், உணவுக்குப் பின்
என்று எழுதியதன் கீழே
தொகுப்பின் பெயரை எழுதினேன்.