ஒரே தடவை சுட்டது

யார்க்டனில் கராஜ் விற்பனை.
ஐஸ்கிரீம் வாளி நிறைய 308 ரைஃபிளின்
காலித் தோட்டாக்கள், இருபது டாலர்.
"ஒரே தடவை சுட்டது," என்றாள் ஒலேனா.
"வருஷத்துக்கு ஒரு மான்.
மிச்ச நாளெல்லாம் சர்ச், கோழிக்கொட்டகை.
அதுதான் என் வசில்."

காந்தம் ஒட்டவில்லை. அசல் பித்தளை.
காசைக் கொடுத்தேன்.

இரவு,
பேப்பர் கிளிப் நுனியை வளைத்து
ஒவ்வொன்றாய் உள்ளே விட்டுத் தடவினால்
அடிப்பக்கத்தில் இடறுகிறது.
இதிலும்.
இதிலும்.
கழுத்தில் மயிரிழை விரிசல்.
ஆறேழு முறையாவது வெடித்த உடம்பு.

வசில்,
ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போனீர்?
யார் பக்கத்தில் குப்புறப் படுத்துச் சுட்டீர்?

திங்களன்று ஒலேனா கூப்பிட்டாள்:
"பிரயோஜனப்பட்டதா?"
"ரொம்ப," என்றேன்,
காயலான் கடைத் தராசில்
வாளியைக் கவிழ்த்தபடி.

பதினொரு டாலர் தேறியது.