இரண்டு கயிறுகளுக்கு நடுவே

செப்டம்பர் பிறந்ததும்
புன்தா அரேனாஸ் நகராட்சி
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடும்.
காற்று ஆளைத் தூக்கும் ஊர்.
இத்தனை வருஷம்
அதை நான் தொட்டதில்லை.

இந்த வருஷம் தொடுகிறேன்.

மார்பில் வெட்ட வேண்டியதை வெட்டியாயிற்று.
மிச்சமிருக்கும் ஈஸ்ட்ரோஜனை
அடிவண்டல்வரை வடிக்க
தினம் ஒரு வெள்ளை மாத்திரை, ஐந்து வருஷம்.
கட்டிக்குத் தீனி நின்றுபோகும்,
கூடவே எலும்புக்கும்
என்றார் மருத்துவர் பாஸ்குவால்,
வாடகையை ஏற்றவந்த வீட்டுக்காரர் முகத்தோடு.
ஸ்கேன் தாளில் மைனஸ் ஒன்று புள்ளி ஒன்பது.
எங்கள் ஊர் விடியற்காலைபோல் ஓர் எண்.

ஆகவே கால்சியம்.
மதியச் சோற்றோடு ஒன்று, இரவில் ஒன்று.
இரண்டையும் ஒரே வாயில் போட்டால்
உடம்பு வாங்காதாம்.
ஜூன் மாதம் ஏழரை மணிநேரம்
எட்டிப்பார்த்துப் போகும் சூரியனுக்கு ஈடாக
எண்ணெய் மினுங்கும் வைட்டமின் டி.
மலச்சிக்கல் வருமென்று பெட்டியில் சின்ன எழுத்து.
அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

எனக்கு வேலை நண்டு ஆலையில்.
விடிந்தால் சென்தோயா நண்டின் கால்களை முறிப்பேன்.
மளுக்.
சதை தட்டில், ஓடு கூடையில்.
முப்பது கூடை ஓடு, அத்தனையும் சுண்ணாம்பு.
"மாத்திரைக்கு எதற்குக் காசு, நெவென்கா?
நாலு ஓட்டை எடுத்து நக்கு"
என்பாள் பக்கத்து மேசை ஒர்த்தென்சியா.
எலும்பில்லாத நாக்கு, சும்மா இருக்குமா.
நானும் சிரிப்பேன்.
சிரித்தபடியே அடுத்ததை முறிப்பேன்.

நண்டு ஓட்டைக் கழற்றிப் போட்டால்
புதியது இறுகும்வரை
கல்லிடுக்கில் பதுங்கிக் கிடக்கும்.
எனக்குக் கிடைத்த விடுப்பு பதினோரு வாரம்.

வியாழக்கிழமை, வங்கி முனை.
ஒரு கயிறு முடிந்து
இன்னொன்று தொடங்குமுன்
நான்கு எட்டு வெறும் இடம்.
காற்று அங்கேதான் நின்றுகொண்டிருந்தது.
இடது கை கீழே,
அதன்மேல் நான்.

கண்ணை மூடிக் காதைத் தீட்டினேன்.
பதினாறு வருஷமாகக் கேட்கும் சத்தம்,
தூக்கத்திலும் அடையாளம் தெரியும்.

மணிக்கட்டு எரிந்தது.
உள்ளங்கைத் தோல் உரிந்தது.
பையிலிருந்து டப்பா உருண்டோடி
சாக்கடைக் கம்பியில் முட்டிக் கலகலத்தது.

அந்தச் சத்தம் மட்டும் வரவில்லை.

மாத்திரையாலா, கோட்டின் தடிப்பாலா,
விழுந்த வாகாலா,
பாஸ்குவாலுக்கே தெரியாது.
அடுத்த ஸ்கேனுக்கு இன்னும் ஒன்றரை வருஷம்.
அதுவரை நட, கனம் தூக்கு என்றிருக்கிறார்,
நண்டுக் கூடையை அவர் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடப் பையன் ஒருவன்
ஓடிவந்து கை நீட்டினான்.

என்னை விடு,
முதலில் அந்த டப்பாவைப் பிடி என்றேன்.
எட்டாயிரம் பேசோ.