இடப்பக்க இழுப்பறை

எப்சிபா மிஸ்ஸுக்கும் எனக்கும் ஒரே மேசை.
வலப்பக்கம் தமிழ், இடப்பக்கம் இங்கிலீஷ்,
நடுவில் ஒரு பசை டப்பா,
பத்தொன்பது வருஷம்.

ஜன்னலைத் திறந்தால் காசிமேட்டு மீன்வாடை,
மூடினால் புழுக்கம்.
அவருக்குத் திறக்க வேண்டும், எனக்கு மூட வேண்டும்.
பாதி திறந்தே கிடந்தது.

பச்சை மையில்தான் திருத்துவார்.
'சிவப்பு எதுக்கு? பிள்ளைங்க என்ன
சிக்னலை மீறிட்டாங்களா?'
பச்சை அதிகாரிகளுக்கு உரியது என்று
ஹெச்.எம். மெமோ கொடுத்தார்.
மெமோவில் இரண்டு பிழை.
திருத்தித் திருப்பிக் கொடுத்தார்,
பச்சையில்.

ஏழாம் வகுப்பு பி பிரிவுப் பாடம்
சுவர் தாண்டி எனக்குக் கேட்கும்.
'தெருவுல ஒரு நாய், எ டாக்.
நேத்து உன்னைத் துரத்துச்சே, அதே நாய், தி டாக்.'
'தினமும் துரத்துது மிஸ், அப்ப?'
பத்மஜோதியாகத்தான் இருக்கும்.
'அப்ப அது மை டாக். பேர் வெச்சிடு.'
சிரிப்பு வந்து விழும்
என் குற்றியலுகரத்தின் மேல்.

பொறாமைதான், ஒப்புக்கொள்கிறேன்.
இடைவேளையில் ஒருத்தி வருவாள்,
கதவருகே நெளிவாள்,
'மிஸ், டிக்‌ஷனரி வேணும்.'
இழுப்பறை திறக்கும், மூடும்.
செய்தித்தாள் சுற்றிய எதையோ
ஓவர்கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு
ஓடிவிடுவாள்.
வாரத்துக்கு நாலு பேர்,
பரீட்சை சமயத்தில் இன்னும் அதிகம்.
இந்த வயதில் இத்தனை சொல்பசியா?
என் பக்கமும் ஓர் அகராதி இருந்தது,
ஆயிரத்து இருநூறு பக்கம்,
தூசி தட்ட நான் மட்டும்.
எதிர்த்துக் கேட்பவளை
அகராதி பிடிச்சவ என்று திட்டும் ஊரில்
அதை யார் பிடிப்பார்கள் என்று
சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஏப்ரல் கடைசி நாள்.
சந்தன மாலை, சுவர்க்கடிகாரம்.
தாளாளர் அவரை எலிசபெத் என்றே
கடைசிவரை புகழ்ந்து முடித்தார்.
ஏழு பி பெண்கள் நீட்டிய
சார்ட் பேப்பர் வாழ்த்தில்
'டீச்சர்' என்பதில் ஓர் எழுத்தைக் காணோம்.
மிஸ் பேனாவை எடுத்தார்,
மூடியைக் கழற்றினார்,
கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு
மூடிவிட்டார்.
எனக்குத் தெரிந்து
அவர் விட்டுவைத்த ஒரே பிழை.

ஆட்டோவில் ஏறியபின்
ஒரு சாவியை என் கையில் திணித்தார்.
'டிக்‌ஷனரி கேட்டு வந்தா குடுங்க மரகதவல்லி.
தீர்ந்துட்டா வாங்கி வைங்க.'

கல்மண்டபம் பக்கம் ஆட்டோ திரும்பும்வரை
எனக்கு உறைக்கவில்லை.
தீர்ந்துவிட்டாலா?

நாப்கின் பாக்கெட்டுகள்.
சதுரமாய் வெட்டி அடுக்கிய செய்தித்தாள்.
ஊக்குகள், வயிற்றுவலி மாத்திரை,
மூன்று அளவில் நீலப் பேன்ட்,
துவைத்து மடித்தது.
நாற்பது பக்க நோட்டு ஒன்று,
பெயர்கள் இல்லை, தேதியும் பச்சை மையும்தான்:
முதல் தடவை. பயந்துட்டா. டீ வாங்கிக் குடுத்தேன்.
இவ அம்மா ஊர்ல இல்ல.
இவளுக்கு எல்லாம் தெரியும், எனக்கே சொல்லித் தந்தா.

டிக்‌ஷனரி மட்டும் இல்லை.

கைநீட்டும் தூரத்தில் இருந்தவள் நான்.
ஒருமுறை, மனப்பாடச் செய்யுள் சொல்ல
எழுந்து நிற்க மறுத்த ஒருத்தியை
திமிர் என்றேன்.
அன்றைய தேதி
நோட்டில் இருக்கிறதா என்று
இன்னும் பார்க்கவில்லை.

ஜூன். பள்ளி திறந்து ஐந்தாம் நாள்.
இடப்பக்க நாற்காலியில் புது டீச்சர்,
ஜன்னல் பற்றி அவளுக்கு இன்னும்
அபிப்பிராயம் இல்லை.
கதவருகே பத்மஜோதி,
முன்னால் ஓர் ஆறாம் வகுப்பு.
'சொல்லுடி' என்று தள்ளுகிறாள்.
சின்னவள் என்னைப் பார்க்கிறாள்,
தரையைப் பார்க்கிறாள்.

'அம்மா... அகராதி.'

தமிழம்மாவிடம்
தமிழில்தான் கேட்க வேண்டும் என்று
எங்கோ கூடி முடிவெடுத்திருக்கிறார்கள்.

சாவி கைப்பையில் எங்கேயோ.
மேசைமேல் கொட்டிக் கவிழ்த்துத்
தேடுகிறேன்.