எச்சம்

தார்த்து நகரமன்றத்தின் முன்னால்
ஒரே குடையின் கீழ் முத்தமிட்டபடி
நிற்கிறார்கள் இரண்டு சிலை மாணவர்கள்.
பிப்ரவரி. நீரூற்றை நிறுத்திவிட்டார்கள்.
குடைமேல் ஒரு சாண் பனி.

லேலோ அவர்களைப் பார்ப்பதில்லை.
கம்பளித் துண்டை மூக்குவரை இழுத்துவிட்டு
ஆய்வகத்துக்கு நடக்கிறாள்.
கீழுதட்டின் இடது ஓரம் நேற்றிரவே கூசியது.
விடிந்தபோது நான்கு கொப்புளங்கள்,
கடுகளவு,
ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு.

உள்ளே போக அவளுக்கு
இரண்டு முகமூடி, இரண்டு கையுறை,
தலையிலிருந்து கால்வரை வெள்ளை அங்கி.
பல்லிடமிருந்து அவளைக் காக்க அல்ல,
அவளிடமிருந்து பல்லைக் காக்க.
ஒரு தும்மல் போதும்,
அறுநூறு வருடத்து வாய்க்குள்
இன்று காலை காபி குடித்த வாய் புகுந்துவிடும்.

கடைவாய்ப் பல். இரண்டு வேர்.
இருபதைத் தாண்டாதவள் என்கிறது எலும்பு.
பெயர் இல்லை,
பெட்டியின் மேல் நாற்பத்தொன்று என்று
பென்சிலில் எழுதியிருக்கிறது.
வேரைத் துளைத்து எடுத்த பொடியில்
போன வாரம் அந்த வைரஸ் அகப்பட்டது.
லேலோவின் உதட்டில் இருப்பதற்குத்
தூரத்துச் சொந்தம்.

அது உதட்டில் குடியிருப்பதில்லை.
வந்த அன்றே நரம்பைப் பிடித்து ஏறி
மண்டைக்குள் ஒரு நரம்பு முடிச்சில்
சுருண்டு படுத்துக்கொள்ளும்.
காய்ச்சலோ தூக்கம் கெட்ட இரவோ
வடகாற்றோ தட்டினால்
ஏறிய வழியே இறங்கி வரும்.
பெரும்பாலும் சின்ன வயதில் தொற்றுவது.
கொடுத்தவருக்குக் கொடுத்தது தெரியாது.

அப்பாவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறாள்.
பெய்ப்சி ஏரியில் மீன்பிடித்துத் திரும்பும்போதெல்லாம்
ஈர மீசையோடு குனிந்து
வாயில் பச்சென்று ஒன்று.
அவர் போய்ப் பதினோரு வருடம்.
படகு விற்றாயிற்று. மேல்கோட்டு யாரிடமோ.
அவருடைய சொத்தில்
வரி கட்டாமல் அவளிடம் தங்கியது
இந்த நான்கு கொப்புளம்தான்.

மனிதர் ஏன் முத்தமிடுகிறார்கள் என்று
மதியம் மேலிஸ் ஆரம்பித்தான்.
தாய் மென்று ஊட்டிய கவளத்தின் மிச்சப் பழக்கம் என்றான்.
இல்லை, மோந்து பார்ப்பதற்கு உடம்பு கண்டுபிடித்த சாக்கு;
ஆவானா மாட்டானா என்று
மூக்கு முடிவு செய்யும்வரை
உதடு பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்றும் சொன்னான்.
உதட்டு முத்தமே அறியாத ஊர்கள் எத்தனையோ,
அங்கேயும் தொட்டில் ஆடுகிறது என்றாள் லேலோ.
சிரித்ததில் புண் வெடித்தது.

எஸ்தோனிய மொழியில் அவர்கள் இதையெல்லாம்
எப்படிச் சொல்வார்களோ, எனக்குத் தெரியாது.
என் மொழியில்
வாயில் ஊறுவது எச்சில்,
மண்ணில் கிடைப்பது எச்சம்,
இரண்டுக்கும் ஒரே வேர்.
பெயருக்குக் காத்திருக்கும் சொல்லும்
முடியாமல் நிற்கும் வினையும்கூட
எச்சம்தான்.
எச்சில் பண்ணாதே என்று அதட்டியே வளர்த்தார்கள்.
யாரும் சொல்லவில்லை,
மிஞ்சுவதற்கு அதுதான் வழி என்று.

சாயங்காலம் அன்னெலினில்
தங்கை ஹெய்லியின் வீடு, நான்காம் மாடி.
பிள்ளைக்குப் பத்தொன்பது நாள்.
பெயர் இன்னும் அமையவில்லை.
கதவைத் திறந்த ஹெய்லி
அக்காவின் உதட்டைப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

தெரியும்.
பெரியவர்களுக்குக் கொப்புளம்,
இந்த வயதில் உயிரையே கேட்கும்.
லேலோவைவிட நன்றாக அறிந்தவர்கள்
அந்தக் கட்டடத்தில் இல்லை.

முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள்.
அன்று இரண்டாம் முறையாக முகமூடி கட்டினாள்.
தொட்டிலருகே உட்கார்ந்து
ஒரு விரலால் மட்டும்
கன்னத்தின் ஓரத்தைத் தொட்டாள்.

தொட்ட பக்கம் திரும்பியது தலை.
வாய் திறந்தது.
யாரும் கற்றுத் தராமல்,
விரலென்றும் முலையென்றும் பிரித்தறியாமல்
காற்றில் உதடு குவித்துத் தேடியது.

அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

பிறகு பாதத்தைத் துணியிலிருந்து விலக்கி,
பட்டாணி போன்ற அந்தக் கடைசி விரல்வரை குனிந்து,
முகமூடிக்குள் உதட்டை இறுக மூடிக்கொண்டு,
பால் வாசனையை நெஞ்சு நிறைய இழுத்து,