மஞ்சள் தாள் வரவில்லை

கிரீனக்கில் கப்பல் பட்டறை மூடி
அது எட்டாவது மாதம்.
மழை மட்டும்தான்
வேலைக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

திங்கள்தோறும் பள்ளி அலுவலகச் சன்னலில்
சாப்பாட்டுச் சீட்டு கிழித்துக் கொடுப்பேன்.
காசு கொண்டுவந்த பிள்ளைக்கு நீலம்.
பட்டியலில் பெயருள்ள பிள்ளைக்கு மஞ்சள்.
நீலத்துக்கு முதல் பந்தி.
மஞ்சள் சுவரோரம் நிற்கும்,
அடுத்தவர் மெல்லுவதைக் கணக்கெடுத்தபடி.

லாக்லன் மக்ஃபீக்குத்
திங்களன்று வயிற்று வலி.
செவ்வாயும். புதனும்.
நர்ஸ் அழுத்திப் பார்த்துவிட்டு
உள்ளே ஒன்றுமில்லை என்றாள்.
சரியாகத்தான் சொன்னாள்.
அவன் கோட்டுப் பையில் ஐந்து மஞ்சள் சீட்டு,
மடித்து மடித்து
தபால்தலை அளவுக்கு.

இதைப் பார்த்து மனம் மாறியவள் என்று
என்னை நினைத்துவிட வேண்டாம்.
நான்கு வருடம் கிழித்தேன்,
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு,
பெயர்களைச் சத்தமாக வாசித்து.

ஒரு ராத்திரி என் மகள் ரோனா,
வாயில் உருளைக்கிழங்கோடு,
"ஓசி மேசைப் பக்கம் ஒரே நாத்தம்மா" என்றாள்.
யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்கவில்லை.
மட்டத் தாளின் மஞ்சள் சாயம்
என் விரல் நுனியில் அப்படியே இருந்தது.

அடுத்த பருவத்துக்கு அச்சகத்துக்கு எழுதும்போது
ஒரு வரியை விட்டுவிட்டேன்.
அவ்வளவுதான் செய்தேன்.

"மஞ்சள் எங்கே, திருமதி கெடிஸ்?"
"வரவில்லை, ஐயா."
"எப்போது வரும்?"
"சொல்வதற்கில்லை, ஐயா."
தலைமையாசிரியர் சன்னல் வழியே
துறைமுகத்தின் ஆளில்லாத பாரந்தூக்கியை
வெகுநேரம் பார்த்தார்.
"தாள் விலை ஏறியிருக்கும்" என்றபடி
கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

இருநூற்றுப் பத்து சீட்டும் நீலம்.
காசு இனி ஒட்டிய உறையில்.
சில உறைக்குள் செய்தித்தாள் துண்டு,
நானே மடித்து வீட்டுக்கு அனுப்பியது.
பேரேடு பூட்டிய இழுப்பறையில்,
சாவி என் கழுத்துச் சங்கிலியில்.

கசாப்புக்கடை ஆர்பக்கிள் வந்து கத்தினார்:
காசு கொடுக்கும் என் பையனுக்கும் அதே நிறமா?
நிறத்துக்கு நாங்கள் காசு வாங்குவதில்லை என்றேன்.

மூன்றாம் வாரம், வியாழன்.
லாக்லன் கிண்ணத்தோடு திரும்பி வந்து
பெஸ்ஸியின் அண்டாவுக்கு முன்னால் நின்றான்.
"கஸ்டர்ட் கட்டி தட்டியிருக்கு."

பெஸ்ஸி கரண்டியை ஓங்கினாள்.
நான்கு வருடத்தில்
அந்தப் பட்டியலிலிருந்து ஒரு பிள்ளைகூட
ஒரு குறை சொன்னதில்லை.

"வேற ஊத்து" என்றேன்.