கூடும்

பீல் நகர ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி, அறை பதினேழு.
எனக்கு அளந்து தந்தது முப்பது நிமிடம்.
நடுவில் இருப்பது என் தொழில்.
இடப்பக்கம் டொக்டர் எபிஷர்,
வலப்பக்கம் பரராசசேகரம்,
மேசையில் அவருடைய மூன்று மாதச் சீனி,
ஒரேயொரு தசமப் புள்ளியோடு.

பத்தொன்பது வருடமாக
ஏரிக்கரை உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர்.
சீனியை விட்டு நாலு வருடம்.
விட்ட இடத்தில் சட்டைப்பைக்குள் ஒரு குட்டி டப்பா,
அமத்தினால் டிக்கென்று ஒரு குளிசை விழும்.
தேத்தண்ணிக்கு மூன்று டிக்.
இரவு வேலைக்குக் கறுப்புத் தகரத்தில் கோலா,
ஐந்து, சனிக்கிழமை என்றால் ஆறு.
"இதில சைபர் சீனி" என்று
தகரத்தை நீட்டினார் டொக்டரிடம்,
விசாவுக்குக் கடவுச்சீட்டை நீட்டுவதுபோல.

மகள் எங்கோ வாசித்தாளாம்.
நெஞ்சுக்கு ஆகாதாம்,
குடலுக்குள் இருக்கிற நல்ல கிருமியைக் குழப்புமாம்,
எடை குறையவும் உதவாதாம்.
எல்லாம் ஆம் என்று முடிகிற சேதிகள்,
ஒன்றிலும் ஆம் இல்லை.
பிறகு குரலைத் தாழ்த்தி
"புத்து..." என்று தொடங்கி நிறுத்தினார்,
உள்ளே பாம்பு இருக்கிறதோ என்று
எட்டி நிற்கிறவர்போல.
நான் அதை ஜெர்மனில் சொன்னபோது
புற்று நண்டாகிவிட்டது.
அவர்கள் மொழியில் நோய்க்கும் நண்டுக்கும் ஒரே பெயர்.

டொக்டர் யோசித்துச் சொன்னார்:
கியோன்ட.
பஞ்சுபோல ஒரு சொல், எந்தப் பக்கமும் சாயாது.
"வரலாம்" என்றேன் தமிழில்.
சொன்ன உடனே கூசியது.
வாங்கோ, உள்ளே வரலாம், இருக்கலாம் என்று
நோய்க்குக் கதிரை இழுத்துப் போட்டதுபோல.
திருத்தினேன்: "வரக்கூடும்."
அவர் பின்பாதியைப் பிடித்துக்கொண்டார்.
"என்ன கூடும்? சீனியோ?"
"இல்லை, வரக் கூடும்."
"அப்ப குடிக்கக் கூடாதோ?"
"கூடாது என்று சொல்லவில்லை."
"அப்ப கூடும்."

டொக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.
பிறகு தாள் ஒன்றில் அம்புக்குறி போட்டார்.
அதிகம் குடித்தவர்களிடம் நோய் அதிகம் கண்டார்களாம்.
ஆனால் குடித்ததால் வந்ததா,
வரப்போகிறவர்கள்தான் இதைத் தேடிப் போனார்களா,
அம்பின் முனை எந்தப் பக்கம் என்று
இன்னும் முடிவாகவில்லை.
சீனி செய்வது தெரியும்.
இது செய்வது அரைகுறையாகத் தெரியும்.
ஒன்றிரண்டு குடித்தால் பயப்பட வேண்டாம், ஆறு வேண்டாம்.
எல்லாவற்றிலும் நல்லது தண்ணீர்.

"தண்ணியோ?"
இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.
விரல் நுனியெல்லாம் ஊறி, வெளிறி, வெடித்து.
"பத்து மணித்தியாலம் தண்ணிதான், தங்கச்சி.
இரவு ஒண்டரைக்கு
நாக்குக்கு ஒருக்கா ஆரும் இனிப்பா ஏதும் சொல்லவேணும்.
பொய்யெண்டாலும்."

அதையும் அப்படியே மொழிபெயர்த்தேன்.
டொக்டர் எதையும் எழுதவில்லை.
ஜன்னலோரம் அவருடைய கைப்பை வாய் திறந்து கிடந்தது,
சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில்
அதே கறுப்புத் தகரத்தின் விளிம்பு.
பரராசசேகரமும் கண்டார் என்று நினைக்கிறேன்.
யாரும் சொல்லாததை மாற்றிச் சொல்வது
என் வேலையில் இல்லை.

முடியும்போது முப்பத்தெட்டு நிமிடம்.
மேலதிக எட்டுக்குக் காசு தரமாட்டார்கள்.
இன்றிலிருந்து இரண்டு தகரம் என்று ஒப்பந்தம்,
ஜெர்மனில் இரண்டு, தமிழிலும் இரண்டு,
அதில் குழப்பம் இல்லை.

லிஃப்டுக்குப் பக்கத்து மெஷினில்
எனக்கும் ஒரு கோப்பி எடுத்துத் தந்தார்.
வெறுங்கோப்பி. வாய் கசந்தது.
கீழே, பிரெஞ்சில் ஒரு பெயரும் ஜெர்மனில் ஒரு பெயருமாக
அந்த ஆறு ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தது.
டப்பாவை எடுத்தார்.
"உமக்கும் ஒண்டு போடட்டோ?"

"போடலாம்" என்றேன்.

டிக்.